நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நீயும் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள்? நான் சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாய். இங்கே பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை. வாசலில் வாட்ச்மேனோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போகத்தான் வேண்டும், அதனால் வராதே.

நாலு மாத இருமலைத் தூசி, தூசி என்று தள்ளிக்கொண்டிருந்தேன் அல்லவா? காசநோயாம். அதிலும் சாதாரண மாத்திரைக்கு மசியாத வகை. நெஞ்சு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தினம் ஒரு கை நிறைய மாத்திரை, கூடவே ஒரு ஊசி. ஆறு மாதம் இங்கேதான்.

ஊசி போடுகிற நர்ஸம்மாவிடம், "எங்க அப்பா கம்பவுண்டர். அவர் போட்டா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். நீங்க போட்டா மாடு முட்டின மாதிரி இருக்கு" என்று சொன்னேன். அன்றிலிருந்து இன்னும் பலமாகக் குத்துகிறார்கள். வாய்தான் எனக்கு எமன்.

சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது காது கேட்காதா, காரணம் என்ன என்று ஒரு கேள்வி. "அக்காவுக்கு. ஒன்பது வயதில் வந்த காய்ச்சலால்" என்று எழுதினேன். இந்த ஊசி சிலருக்குக் காதைத் தொடுமாம். அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சோதனை. ஹெட்போனை மாட்டி ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைப்பார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். சோதிக்கிற பெண், "இவ்வளவு சின்னச் சத்தம்கூட கேக்குதா? என்ன வேலை பாக்கறீங்க?" என்று அசந்துபோனது. தண்ணீர் அலுவலகத்தில் கசிவு பார்க்கிறவன் என்றேன். விடியற்காலையில் வண்டி வரத்து தொடங்குவதற்கு முன் ரோட்டில் கம்பியை ஊன்றி, மேல்முனையில் காதை வைத்து, மண்ணுக்கு அடியில் எந்த இடத்தில் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வது என் பிழைப்பு என்று விளக்கினேன். பாம்புச் செவியன் என்பதுதான் ஆபீஸில் என் பெயர் என்றும் சேர்த்துச் சொன்னேன். பெருமை யாரை விட்டது.

ஓவர்சியர் ஆகஸ்ட் வரைக்கும் என் இடத்தில் ஆள் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பக்கத்துக் கட்டில் பஸ் டிரைவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். காதில் குறை தெரிந்தால் ஊசியை நிறுத்தி மருந்தை மாற்றுவார்களாம், மாற்றினால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குமாம். எனக்கு அந்தக் கவலை இல்லை.

மச்சானுக்கு என் வணக்கம். பதில் போடு.

உன் தம்பி


பிப்ரவரி 14

என் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு மாத இருமலுக்கு உன்னை நாலு அறை அறைய வேண்டும். தூரத்தில் இருக்கிறாய், பிழைத்தாய். நாங்கள் இருவரும் நலம். நீ முட்டையைத் தட்டில் ஒதுக்காமல் சாப்பிடு.

உன் மச்சான் மில்லில் ஒயர் மாற்றப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் ஷெட்டில் புதிதாக ஆறு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். நூற்பு இயந்திரங்கள் ஓடும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது என்பதால், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவர்களுக்கு நான்தான் வாத்தியார். "அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் புரியுது?" என்று கேட்கிறார்கள். நான் சம்பளத்துக்குச் சேருவதற்கு முன்பே பயிற்சி எடுத்தவள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்த ஊசியின் பெயர் என்ன? எழுதி அனுப்பு. தினமும் போடுகிறார்களா, ஒருநாள் விட்டு ஒருநாளா? இதுவரை எத்தனை போட்டிருக்கிறார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இன்னொரு செய்தி. எப்படி எழுதுவது என்று தெரியாமல் கடைசியில் வைத்தேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து எனக்கு மூன்று மாதம். உன் மச்சான் யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவரே மில் கேட்டில் இருந்து கேன்டீன் வரைக்கும் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

ஊசியின் பெயரை மறக்காமல் எழுது.

உன் அக்கா


மார்ச் 1

அன்பு அக்காவுக்கு,

மாமனாகப் போகிறவன் எழுதுகிறேன்! உன் கடிதத்தை வார்டு முழுக்கப் படித்துக் காட்டினேன். பஸ் டிரைவர் தன் பங்குப் பாலை எனக்குக் கொடுத்தார். நீ கனமான பெட்டி எதையும் தூக்காதே. மச்சானை ஒயரிடமிருந்து தள்ளி நிற்கச் சொல்.

ஊசியின் பெயர் அமிக்காசின். ஞாயிறு தவிர தினமும். இருபத்தேழு ஆகிவிட்டது. ஏன் கேட்கிறாய்? நம் அப்பா புத்தி உனக்கும் வந்துவிட்டதா?

இரண்டாம் சோதனையிலும் நான்தான் முதல் மதிப்பெண். அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும். நான் இந்தப் பக்கம் அதைப் பார்த்தபடி. நல்ல பொண்ணு, சிரித்த முகம்.

வார்டு முன்பைவிட அமைதியாக இருக்கிறது. வந்த புதிதில் மருந்து வண்டி கீச்சுக் கீச்சென்று உயிரை எடுக்கும், இப்போது எண்ணெய் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நர்ஸம்மாவின் கைக்கடிகாரம் மணிக்கொரு தடவை பீப் போடும், அதுவும் கெட்டுப்போய்விட்டது. நிம்மதி. உடம்பு ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது.

மச்சானுக்கு அன்பு. வயிற்றில் இருப்பவருக்கு மாமனின் வணக்கம்.

உன் தம்பி


மார்ச் 9

தம்பி,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இது ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் எழுதுவது. மூன்று கேள்விக்குப் பதில் போடு.

காதுக்குள் வண்டு மாதிரி, கொதிக்கிற தண்ணீர் மாதிரி சத்தம் இருக்கிறதா? சட்டென்று திரும்பினால் தலை சுற்றுகிறதா? சோதனை அறையில் உன் நாற்காலி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?

உடனே.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மச்சானும் வயிற்றில் இருப்பவரும் நலம்தானே? பதில் போடத் தாமதம். தபால் தலை தீர்ந்துவிட்டது.

ஓவர்சியர் கடிதம் போட்டிருக்கிறார். சந்தைத் தெருவில் கசிவு என்று நாலு இடத்தில் தோண்டிப் பார்த்தார்களாம், நாலிலும் காய்ந்த மண். "நீ வந்தாத்தான்டா ரோட்டுக்கு விமோசனம்" என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டுத் தலைகால் புரியவில்லை. ஆகஸ்டில் போய் நிற்க வேண்டும் அக்கா. எனக்கு வேறு எந்த வேலை தெரியும்? பத்தாவது தாண்டாதவன். கொடுத்து வைத்தது இந்த இரண்டு காதுதான்.

டிரைவரோடு தாயம் ஆடிப் பதினோரு ஆட்டம் ஜெயித்தேன். மனுஷன் வாய்க்குள்ளேயே முனகுகிறார், தெளிவாகப் பேசச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார். கூடத்தில் டி.வி.யைச் சத்தம் குறைத்து வைக்கிறார்கள், நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன்.

மூன்றாம் சோதனை, நாலாம் சோதனை எல்லாம் பாஸ். நீ கேட்டது எதுவும் இல்லை. வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இந்த நேரத்தில் நீ நிம்மதியாக இருக்க வேண்டும்.

உன் தம்பி


ஏப்ரல் 6

தம்பி,

நான் நலம். வயிற்றில் உதைக்கிறது. இனி நலம் விசாரிப்பு போதும்.

நீ சோதனையில் ஏமாற்றுகிறாய். அந்தப் பெண் பொத்தானை அமுக்கும்போது தோள் அசைகிறதா, புருவம் உயர்கிறதா? அதைப் பார்த்து நீயும் அமுக்குகிறாய். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. பதினோரு வயதில் பள்ளியில் என்னைச் சோதித்த டீச்சரின் கழுத்துச் சங்கிலி அசைவதைப் பார்த்தே நான் எட்டு மாதம் ஓட்டினேன். சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நீ வேலைக்குப் பயந்து செய்கிறாய். கள்ளனிடமே களவு காட்டாதே.

மருந்து வண்டிக்கு யாரும் எண்ணெய் போடவில்லை. கடிகாரம் கெடவில்லை. டிரைவர் முனகவில்லை. எனக்கும் முதலில் சைக்கிள் மணிதான் போனது. பிறகு அம்மா கரண்டி தட்டுவது. மனுஷக் குரல் கடைசியாகத்தான் போனது. அதற்கு முன்னால் பல நாள் காதுக்குள் கொதித்தது. இது எனக்குத் தெரிந்த வழிடா. நீ அதில் எந்த இடத்தில் நடந்துகொண்டிருக்கிறாய் என்று உன் கடிதத்தில் பார்க்கிறேன்.

இப்போது சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்கிறேன். இதைப் பிப்ரவரியிலேயே எழுதி, கிழித்துப் போட்டேன். மார்ச்சிலும் எழுதி மடித்து, அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். அந்த இரண்டு மாதத்தில் உனக்கு எத்தனை ஊசி ஏறியிருக்கும் என்று நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

என் காது காய்ச்சலில் போகவில்லை.

நெஞ்சுச் சளியோடு காய்ச்சல் வந்தது உண்மை. உனக்கு அப்போது மூன்று வயது, ஒன்றும் நினைவிருக்காது. டாக்டர் ஏழு ஊசி எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின். அப்பா வீட்டிலேயே போட்டார். ஏழாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்கு இறங்கிய காய்ச்சல் திரும்பி வந்து அதைக் கொண்டுபோனது. அப்பா பயந்துபோய் இன்னும் ஐந்து போட்டார். டாக்டரிடம் சொல்லவில்லை. பத்தாம் ஊசியில் காதுக்குள் கொதிக்க ஆரம்பித்தது. நான் சொன்னேன். "காய்ச்சல் இறங்கற சத்தம்மா அது" என்றார். அடுத்த மாதம் முழுதாகப் போனது. அம்மா ஊரெல்லாம் காய்ச்சல் என்றாள், அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது உன்னை மருந்து வாங்க அனுப்பிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். அவர் உதடு எனக்கு மனப்பாடம், ஒரு சொல்கூடத் தவறவில்லை. "ஏழுதான் எழுதியிருந்தாரு. அஞ்சு நானாப் போட்டேன். உன் காதை நான்தாம்மா எடுத்தேன். தம்பிக்குத் தெரிய வேணாம். அவன் என்னை நினைக்கறபடியே நினைச்சுக்கட்டும்." தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். இந்தக் கடிதத்தோடு அந்தச் சத்தியம் உடைகிறது.

நீ போய்ப் படிவத்தில் "காய்ச்சலால்" என்று எழுதியதற்கு நான்தான் பொறுப்பு. உன்னுடைய ஊசி எனக்குப் போட்ட ஊசியின் சொந்தக்காரன் என்று எங்கள் மில் டாக்டரம்மா சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே வயிறுடா. எனக்குச் செய்ததை உனக்குச் செய்யாது என்று யார் சொல்ல முடியும்?

இந்தக் கடிதத்தை அப்படியே பெரிய டாக்டரிடம் கொடு. கூச்சப்படாதே. அடுத்த சோதனையில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார். வேலை போனால் போகட்டும், எங்கள் ஷெட்டில் சேர்த்துவிடுகிறேன். ஆனால் காது போனால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் சிரித்துக்கொண்டே இருப்பதால் உனக்கு அது சுலபமாகத் தெரிந்திருக்கிறது. சுலபம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 18

தம்பி,

பன்னிரண்டு நாள் ஆயிற்று. என்மீது கோபம் என்றால் கோபமாகவே எழுது. ஒரு வரி போதும். தபால்காரர் என்னைப் பார்த்தாலே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன்னைத் தவிக்க விட்டதற்கு மன்னித்துக்கொள்.

கோபம்தான். உன் கடிதத்தைப் படித்ததும் கசக்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். அப்பாவைப் பற்றி எழுத உனக்கு எப்படிக் கை வந்தது என்று ஐந்து நாள் பொருமினேன். டிரைவர் அதை எடுத்துக்கொண்டு வந்து, என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆறாம் நாள் காலை, நர்ஸம்மா என் கட்டிலுக்குப் பின்னால் நின்று ஊசிக்கு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். நான் திரும்பவில்லை. நாலாம் தடவை தோளைத் தொட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஊசி வேண்டாம், டாக்டரைப் பாக்கணும்" என்றேன்.

பெரிய டாக்டரம்மா நின்றபடியே உன் கடிதத்தைப் படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நேராகச் சோதனை அறைக்குக் கூட்டிப்போய், அவரே நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்.

அக்கா, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொத்தான் கையில் இருந்தது. எதுவும் வரவில்லை. ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. சோதனை இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறது. அது அதற்குள் பதினாறு கீச்சுச் சத்தம் கொடுத்து முடித்திருந்தது. நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மெல்லிய சத்தம் எல்லாம் போய்விட்டது. கீச்சு, பீப், விசில், பறவை எல்லாம். நடுவில் உள்ளதில் கொஞ்சம் அடி. தடித்த சத்தம் அப்படியே இருக்கிறது. நீ மார்ச்சில் கேட்ட கொதிப்பும் தலைசுற்றலும் அப்போதே இருந்தன, மறைத்துவிட்டேன். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே ஊசி நின்றது. மாத்திரையை மாற்றிவிட்டார்கள். நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும் என்று டிரைவர் சொன்னது சுத்தப் புருடா. "யாரு சொன்னது? இதைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படி. மச்சான் பக்கத்தில் இருந்தால் நல்லது.

அப்பா போட்ட அந்த ஐந்து ஊசியைப் பற்றிக் கேட்டேன். டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சில குடும்பங்கள்ல தாய் வழியா ஒரு பலவீனம் வரும். காதுக்குள்ள இருக்கிற நுண்ணிய மயிர்ச் செல்லை இந்த மருந்து சீக்கிரமே கொன்னுடும். அவங்களுக்கு ஏழு, பன்னண்டு எல்லாம் ஒண்ணுதான். ரெண்டு மூணு ஊசியிலேயே போனவங்க உண்டு. உங்க ரெண்டு பேரையும் பார்த்தா எனக்கு அந்தச் சந்தேகம்தான். ரத்தம் அனுப்பறேன், வந்தா உறுதியாத் தெரியும். அப்படி இருந்தா, உங்க அப்பா அந்த அஞ்சைப் போடாம இருந்திருந்தாலும் உங்க அக்கா காது தப்பியிருக்காது."

நான் மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார்.

இன்னொன்று. ஆண் பிள்ளை வழியாக இது அடுத்த தலைமுறைக்குப் போகாதாம். பெண் வழியாகப் போகுமாம். உனக்கு விளங்குகிறதா? நமக்கு இருந்தால் உன் வயிற்றில் இருப்பவருக்கும் இது இருக்கும். பயப்படாதே, இந்த ஊசி படாதவரைக்கும் காதுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிறந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கை வைப்பது இந்த ஊசியின் வகை மருந்தில்தானாம். பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டில் சிவப்பு மையில் எழுதி வை. டாக்டரம்மா தன் கையாலேயே எழுதிக் கொடுத்த கடிதத்தை இதோடு இணைத்திருக்கிறேன்.

உன் தம்பி


மே 5

என் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தலை சுற்றுவது குறைந்ததா? படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்.

உன் கடிதத்தை மில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழும்போது என் சத்தம் எனக்குத் தெரியாது, அளவு மீறிவிட்டது போலிருக்கிறது. ஆறு புதுப் பெண்களும் கதவை உடைக்காத குறை.

எனக்கு அப்பாமீது கோபம் இருந்தது தம்பி. வெளியில் காட்டியதில்லை. அவர் போன பிறகு ஆறு வருஷமாக, பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து, பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் மனசு அதையே போட்டுத் தேய்க்கும். பாசத்தில் போட்டார் என்று தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை. அவர் படத்தை அலமாரிக்குள் ஏன் வைத்திருக்கிறேன் என்று நீ ஒருமுறை கேட்டாய். பூச்சி அரிக்கும் என்று சொன்னேன். பூச்சியும் இல்லை, புண்ணாக்கும் இல்லை.

நேற்று எடுத்துத் துடைத்துக் கூடத்தில் மாட்டியாயிற்று. பாவம் மனுஷன், செய்யாத குற்றத்தை இருபது வருஷம் சுமந்துகொண்டே போய்ச் சேர்ந்தார். அவர் இருக்கும்போது இந்த டாக்டரம்மா கண்ணில் பட்டிருக்கக்கூடாதா?

பிரசவ ஆஸ்பத்திரியில் கடிதத்தைக் காட்டினேன். நர்ஸ் ஒருத்தி, "இதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்மா" என்று மடித்து என்னிடமே கொடுத்தாள். நான் விடுவேனா? என் குரல் எவ்வளவு பெரிதாகப் போகும் என்று எனக்கே தெரியாது என்பது இந்த மாதிரி இடத்தில் ரொம்ப உதவி. டாக்டரே வெளியில் வந்துவிட்டார். சீட்டில் சிவப்பு மையில் எழுதி, கோடும் போட்டுக் கொடுத்தார்.

ரத்தச் சோதனை முடிவு வந்ததும் எழுது. பெண்ணைக் கேட்டதாகச் சொல், சோதனை அறைப் பெண்ணை. அழவைத்துவிட்டாய் பாவி.

உன் அக்கா


ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? கால் வீக்கம் இறங்கியதா? சளிச் சோதனை மூன்றாம் முறையும் சுத்தம். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாத்திரை மட்டும் இன்னும் ஒரு வருஷம்.

ரத்த முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா சந்தேகப்பட்டதுதான். காது அதற்குமேல் இறங்காமல் அங்கேயே நிற்கிறது. உள்ளே கொதிப்பு மட்டும் ஓயவில்லை. பழகிவிடும் என்கிறார்கள். நீ எப்படிப் பழகினாய் என்று வந்து கேட்டுக்கொள்கிறேன்.

இதைக் கேள். காது விஷயத்தை எழுதியிருந்தேன், ஓவர்சியர் என் கம்பியை அனுப்பிவைத்தார். "வேலைக்கு வர்றியா இல்லையா, நீயே பாத்துச் சொல்லு" என்று ஒரு சீட்டு. நாலு நாள் அதைத் தொடவே இல்லை. கட்டிலுக்குக் கீழே சாத்தி வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். டிரைவர்தான், "எடுத்துப் பாருய்யா, உன்னைக் கடிச்சா திங்கப் போகுது" என்று கையில் திணித்தார்.

காலை ஐந்தரைக்கு ஆஸ்பத்திரி முற்றத்தில் ஊன்றினேன். முதல் இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டாம் இடத்தில் என் காதுக் கொதிப்புத்தான் கேட்டது. சமையலறைப் பக்கம் நடைபாதையில் மூன்றாவதாக ஊன்றினேன். அடியில் இருந்து கனமாக, தொடர்ச்சியாக ஒரு முனகல். கொதிப்பு மேலே நிற்கிறது, இது அதற்குக் கீழே ஓடுகிறது. இரண்டும் வேறு வேறு அக்கா! பூமிக்குள் இருக்கிற கசிவு எப்போதும் தடித்த குரலில்தான் பேசும். மண் மெல்லிய சத்தத்தை எல்லாம் முழுங்கிவிடும். இத்தனை வருஷம் வேலை பார்த்தவனுக்கு இது தோன்றவே இல்லை பார், பயத்தில்.

தோண்டச் சொன்னேன். தோட்டக்காரர் நம்பாமல்தான் தோண்டினார். முழங்கால் ஆழத்தில் தண்ணீர் பீச்சி அவர் முகத்தில் அடித்தது. வார்டு முழுக்க ஜன்னலில் நின்று கை தட்டியது. ஓவர்சியருக்கு அன்றைக்கே எழுதிவிட்டேன், வருகிறேன் என்று.

குருவிச் சத்தம் இனி இல்லை. அது வருத்தம்தான், மறைக்கவில்லை. இனி உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை.

பிரசவத் தேதி நெருங்குகிறதே, சீட்டு பத்திரமா?

உன் தம்பி


ஆகஸ்ட் 26

என் தம்பிக்கு,

மாமன் ஆகிவிட்டாய். பையன். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நானும் அவனும் நலம். நீ வேலையில் சேர்ந்ததாக எழுதிய கார்டு கிடைத்தது, மகிழ்ச்சி. நடந்ததை முறையாகச் சொல்கிறேன், நடுவில் பயந்துகொள்ளாதே.

மூன்றாம் நாள் காலை குழந்தைக்கு உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை. ரத்தத்தில் கிருமி இருக்கலாம், உடனே மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். ஷிப்டு மாறி ஒரு புது நர்ஸ் தட்டோடு வந்தாள். தட்டில் இரண்டு குப்பி. நம் சிவப்புச் சீட்டோ கோப்பின் அடியில் எங்கேயோ போயிருக்கிறது. நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். வாயைத் திறப்பதற்குள் உன் மச்சான் குறுக்கே போய் நின்றுவிட்டார். தெரியும்தானே, கடையில் மீதிச் சில்லறையைக் கேட்கக்கூட வாய் வராத மனுஷன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினாராம். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் வாய் திறந்த அளவைப் பார்த்தேன், கடைவாய்ப் பல் தெரிந்தது. "அந்தக் குப்பி வேணாம்! சீட்டைப் பாருங்க! முதல்ல சீட்டைப் பாருங்க!"

டாக்டர் ஓடிவந்தார், கோப்பைப் புரட்டினார், சீட்டைப் படித்தார். ஒரு குப்பியைத் தானே எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பதில் வேறு மருந்து வந்தது. நாலு நாள் அந்தத் தொட்டிலைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. மருந்து ஏறிய ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் கன்றுக்குட்டி மாதிரிப் பால் குடித்தான்.

காய்ச்சல் விட்ட பிறகும் அவன் காதை நினைத்து எனக்கு நிம்மதி இல்லை. குழந்தைக்குக் காதுச் சோதனை செய்கிற இயந்திரம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். ஒரு மாதம் எப்படிக் காத்திருப்பது? நான் பாடிப் பார்க்கலாம், என் பாட்டு எனக்கே கேட்காது. கை தட்டினால் காற்று பட்டுக்கூட அவன் அசையலாம்.

நேற்று மத்தியானம் அவனை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். திடீரென்று இரண்டு கையையும் அகல விரித்து உதறினான். முகம் கோணியது, உதடு பிதுங்கியது. கொசு கடித்ததோ என்று பார்த்தேன், இல்லை. எதற்குடா என்று தலையைத் திருப்பினேன். எனக்குப் பின்னால், கதவோரத்தில், சாப்பாட்டுத் தட்டு தரையில் கவிழ்ந்து கிடந்தது. உன் மச்சான் கையைப் பிசைந்துகொண்டு, திட்டு விழப்போகிறது என்று நிற்கிறார்.

நான் அவரைத் திட்டவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

அவர் போட்டார். என் பையன் மறுபடியும் கையை உதறினான். "இன்னும் ஒண்ணு" என்றேன். ஆறு தடவை போட்டோம் தம்பி, தட்டு நெளிந்துவிட்டது, பக்கத்து அறையில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து நின்று என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு தடவையும் கேட்டது அவனுக்கு.

லீவு கிடைத்ததும் வா.

உன் அக்கா